மெதுவா சாவுற கல்லு

ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் நடந்து போயி, வூடு வூடா கதவ தட்டிக் கேட்டாலும் பேஜாரு மாதிரி ஒரு மன்சன் உங்களுக்கு கெடைக்க மாட்டான். நல்லது நடந்தா பயந்துக்குவான். கெட்டது நடந்தா "நாந்தான் அப்பவே சொன்னேனே"ன்னு குந்தி நிம்மதியா ஒரு டீ குடிப்பான்.

அவனுக்கு அம்மா அப்பா வச்ச பேரு ஒண்ணு கீது, ரேசன் கார்டுல. ஆனா வாய தொறந்தா மொத வார்த்த "பேஜாருப்பா"ன்னுதான் வரும். ஆர்பர்ல வேலைக்கி சேந்த கொஞ்ச நாள்லயே பேரு மாறிப்போச்சி. பொண்ணு கல்யாணத்துக்கு பத்திரிக அடிச்சப்ப ஒயுங்கான பேர போட்டான். யாரு வூட்டு கல்யாணம்னே தெருவுல பாதி பேருக்கு தெரியல. அப்பால பேனாவால கீய "பேஜாரு"ன்னு எயுதிக் குடுத்தான்.

ஆர்பர்ல கிரேனுக்கு கிரீஸ் போடறது அவன் வேல. கீய நின்னுகினு சரக்குக்கு செயின் மாட்டறது என் வேல. டப்பாவ தூக்கினு மேல ஏறுவான், எல்லாப் பல்லுக்கும் ஒயுங்கா கிரீஸ் போடுவான், எறங்கி வந்து டிரைவருகிட்ட சொல்லுவான், "போட்டுட்டேன். ஆனா இன்னிக்கி இது வுழும்." டெய்லி இதான். அந்த டிரைவரு விம்கோ நகர் ஆளு, நல்ல மன்சன், மொளகா பஜ்ஜின்னா உசுரு. அவன் கத வேற, வுடுங்க. அவன் பாவம் டெய்லி ஏணிய தொட்டு கும்புட்டுகினேதான் ஏறுவான். கிரேனு வுழவே இல்ல. கடைசில வயசாயி அத பழைய இரும்புக்கு ஒடச்சி சாச்சானுங்க. அன்னிக்கி பேஜாரு என்னாண்ட வந்து, "வுழுந்துச்சா இல்லியா?"ன்னான்.

பொண்ணு கல்யாணத்துல மண்டபத்துக்குள்ளாற கொட புடிச்சிகினு நின்னான். "மேல பாரு மாமு, கூரையில வெடிப்பு கீது." தாலி கட்டுற போட்டோவுல மாப்ள மூஞ்சிய பாதிக்கி மேல கொட மறச்சிகினு கீது. இன்னிக்கும் கீது.

இவ்ளோ சொல்லிட்டு கஸ்தூரிய சொல்லாம இருந்தா தப்பு. அவன் பொஞ்சாதி. காசிமேட்டுல மீன் வித்தவ. அவ "வஞ்சிரம்"னு ஒரு கொரலு குடுத்தா, வாங்க வராதவனும் வந்து நிப்பான். வூட்டுல இவன் "பேஜாரு"ன்னு ஆரம்பிச்சா அவ "மூடு வாய"ன்னு முடிப்பா. புருசன் பொஞ்சாதி பேச்சுவார்த்த அவ்ளோதான், அத வச்சிகினே ஒரு ஆயுச ஓட்டுனாங்க. இப்ப கஸ்தூரி இல்ல. பேஜாரு மணலி புதுநகர்ல பொண்ணு வூட்டுல கீறான். நான் சொல்றது அவ படுக்கையில கெடந்த வருசத்து சமாச்சாரம்.

கஸ்தூரிக்கு ஒரு நாளு மூளையில ரத்தம் கட்டி எடது கையும் காலும் போச்சி. பேச்சும் குளற ஆரம்பிச்சிது. அவ்ளோ கொரலு வுட்டவ, குளறலா பேசறதுக்கு வெக்கப்பட்டு பேசறதையே வுட்டுட்டா. இன்னொரு கொடுமையும் சேந்துகிச்சி. எடது பக்கம்னு ஒண்ணு ஒலகத்துல கீறதே அவளுக்கு மறந்துபோச்சி. தட்டுல இட்லி வச்சா வலது பக்கத்து இட்லிய துன்னுட்டு எடது பக்கத்துத அப்பிடியே வுட்டுடுவா. காலடிப்பேட்டையில அவங்க வூடு ஒரே ரூமு. கட்டிலுக்கு வலது பக்கம் செவுரு. பொயுது விடிஞ்சா பொயுது போனா அந்த செவுத்தையே பாத்துகினு கெடந்தா.

கை கால் பயிற்சி குடுக்க வந்த டாக்டரம்மா சொன்னாங்க, "எடது பக்கத்துல அவங்க ஆசையா பாக்குற மாதிரி எதனா வையுங்க. நீங்க புடிச்சி திருப்பக் கூடாது. அவங்களா திரும்பணும். ஒரு தபா திரும்பிட்டா அப்பால வழி கீது."

பேஜாருக்கு அதான் வேலயாப் போச்சி. மொதல்ல டிவிய எடது பக்கம் வச்சான். அவ செவுத்த பாத்துகினே நாடகம் கேட்டா. அம்மன் படத்த மாட்டுனான். மனசுல கும்புட்டுக்கினா போல, திரும்பல. பொண்ணு வந்து எடது பக்கம் குந்திச்சி. செவுத்தப் பாத்துகினே கண்ணு தண்ணி வுட்டா. எங்கூட செயின் மாட்டுனவனுங்கள்ல ஒருத்தன் சொன்னான், "கலர் மீனு தொட்டி வையேன்டா."

பேஜாரு தலைய ஆட்டுனான். "மீன வச்சா அவ வெல போட்டுடுவா மாமு. பொறந்ததுலேர்ந்து மீன பாத்தவ. அவ விக்காதது ஒண்ணு வேணும். கடல்லேர்ந்து வந்ததா இருக்கணும், கொயம்புல போட முடியாததா இருக்கணும்."

அப்பிடி ஒண்ண அவன் பல்லு டாக்டரு கிளினிக்குல பாத்துட்டு வந்திருக்கான். பல்லு புடுங்கப் போன எடத்துல ஒரு கண்ணாடித் தொட்டி, அதுல பவழக்கல்லு. பவழம்னா மோதரத்துல போடுற செவப்பு கல்ல நெனச்சிக்காதீங்க. இது உசுரோட கீறது. அடியில எலும்பு மாதிரி கல்லு, மேல சதை, சதைக்கி நடுவுல வாயி. பூவு மாதிரி விரியும், சுருங்கும். பேஜாரு அது முன்னால குந்தி, முறை வந்து கூப்ட்டும் எழுந்திரிக்கலியாம். பேஜாருன்னு ஒரு தபா கூட சொல்லலியாம்.

வண்ணாரப்பேட்டையில ஷெரீப் பாய்னு ஒரு கடைக்காரரு. உப்புத்தண்ணி மீனு, கல்லு, வெளக்கு எல்லாம் விப்பாரு. பேஜாரு என்ன இஸ்துகினு போனான். பாய் மொதல்ல கல்ல கண்ணுலயே காட்டல. "தண்ணிக்கி இன்னா பண்ணப் போற நைனா?"ன்னு கேட்டாரு.

பேஜாருக்கு சிரிப்பு வந்திச்சி. நான் அவன் சிரிச்சிப் பாத்தது ரொம்ப கம்மி. "பாய், எங்க மாடியிலேர்ந்து எச்சி துப்புனா கடல்ல வுழும்."

"அந்தத் தண்ணிதான் வாணாம். எண்ணெ, சாக்கட, ஆசிட்டு எல்லாம் அதுல கீது. மீனாவது நீந்தி தப்பிச்சிக்கும். இது ஒரே எடத்துல ஒட்டிக்கினு கீற ஜீவன். தாங்காது."

"அப்ப இதுக்கு கடலு?"

"பாக்கெட்ல வரும். உப்பு நான் தரேன். தண்ணி, மெசின்ல சுத்தம் பண்ண கேன் தண்ணி வாங்கிக்கோ."

பஸ்சுல திரும்பி வந்தோம். ஜன்னலாண்ட கடலு கூடவே வந்துகினு இருந்திச்சி. எத்தினி பேருக்கு சோறு போட்ட கடலு. அதுல பொறக்கிற ஒண்ண வளக்கறதுக்கு அது லாயக்கில்லன்னு கடைக்காரன் சொல்றான், அதுல பொய்யும் இல்ல.

உப்பு மூட்டையோட தெருவுல நொயஞ்சா முனியம்மா நிக்கிறா. கஸ்தூரிக்கு மார்க்கெட்டுல பக்கத்து எடத்துல குந்தி மீன் விக்கிறவ, டெய்லி ஏவாரம் முடிஞ்சா வந்து பாத்துட்டுப் போவா. "இன்னா மாமா, கருவாடு போடப் போறியா?"ன்னா.

"கடலு செய்யப் போறேன்."

"இருக்கறத இன்னா பண்ணலாம்னு கீற?"

பேஜாரு மூட்டைய தோளு மாத்திகினு உள்ள போனான்.

தொட்டி வந்திச்சி. கட்டிலுக்கு எடது பக்கம் மேசை போட்டு வச்சான். உப்பு கலந்தான், காஞ்ச கல்லு நாலு அடுக்குனான், தண்ணிய சுத்த வுடுற மோட்டாரு போட்டான், நீல வெளக்கு போட்டான். ஆனா பாய் கல்லு தரமாட்டேன்னுட்டாரு. தண்ணி பழகணுமாம். அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஊறி, அழுக்கத் துன்ன ஆரம்பிக்கணுமாம். மாசக்கணக்கா சும்மா இருன்னாரு. தெருவுல ஒவ்வொருத்தரா வந்து பாத்தாங்க. வெறுந்தண்ணி. "எங்க நைனா, உள்ள ஒண்ணியும் காணம்?" "இன்னும் வரல." "அப்ப லைட்டு யாருக்கு?"

எனக்குத் தெரிஞ்சி பேஜாரு நிம்மதியா இருந்தது அந்த மாசங்கள்ளதான். உள்ள சாவறதுக்கு ஒண்ணுமில்ல.

ஒரு வயியா பாய் சரின்னாரு. கல்லு பாக்கப் போறதுக்கு பேஜாரு என்ன கூப்ட்டான், முனியம்மாவயும் கூப்ட்டான். அவ பூ வச்சிகினு, வெத்தல பாக்கு எத்துகினு வந்தா. "பொண்ணு பாக்கப் போறோமா இல்லியா?"ன்னா. கடையில தொட்டி தொட்டியா கல்லு. செவப்பு, பச்ச, ஊதா, எங்க திருவத்தியூரு தேருக்குக் கூட அவ்ளோ கலரு இருக்காது. "ராமேஸ்வரம் சரக்கா?"ன்னு முனியம்மா கேட்டா.

பாய் காத பொத்திகினாரு. "வெளிய சொல்லிடாத தாயி. நம்ம கடல்ல ஒரு துண்டு எடுத்தாலும் ஜெயிலு. இது வெளிநாட்டுல பண்ணையில ஒடிச்சி ஒட்டி வளத்தது. பில்லு கீது."

"ஜெயில்ல வேளைக்கி சோறாவது வரும்"னான் பேஜாரு.

எல்லாரும் எது ஷோக்கா கீதுன்னு கேப்பாங்க, எது எப்பிடி வளரும்னு கேப்பாங்க. இவன் மொத தொட்டியாண்ட நின்னு கேட்டான், "இது எப்பிடி சாவும் பாய்?"

பாய் அவனையே பாத்தாரு. அப்பால பதில் சொன்னாரு. மொத தொட்டியில இருந்தது மான் கொம்பு மாதிரி கெள கெளயா, நுனியெல்லாம் ஊதாவா, பாக்க ராஜா மாதிரி இருந்திச்சி. "உப்பு கொஞ்சம் ஏறுனாலும் போச்சி, எறங்குனாலும் போச்சி. காலைல கலரா இருக்கும். சாய்ங்காலம் வெள்ள எலும்பா நிக்கும்."

"அடுத்தது."

அடுத்தது வெரலு வெரலா நீட்டிகினு ஆடிகினு இருந்திச்சி. "இது அவ்ளோ சீக்கிரம் சாவாது நைனா. பக்கத்துல கீறத சாவடிக்கும். வெளக்கு அணஞ்சா கைய நீட்டி பக்கத்து வூட்டுக்காரன கொட்டும்."

"எங்க காம்பவுண்டுல ஒருத்தி கீறா"ன்னா முனியம்மா.

"தனியா வச்சா?"ன்னேன் நானு.

"கொட்ட ஆளில்லாம ஏங்கி செத்துடும் மாமு. அடுத்தது"ன்னான் பேஜாரு.

மூணாவது கொஞ்சம் அசிங்கம்தான். குயாய் குயாயா காம்பு, ஒவ்வொரு காம்பு மேலயும் பச்சயா உப்பிகினு ஒரு தல. பணியாரக்கல்லுலேர்ந்து அப்பத்தான் எடுத்த பணியாரம் மாதிரி. பாய் சொன்னாரு, "இது தல தலையா சாவும். ஒவ்வொரு தலைக்கும் தனி வாயி, தனி வயிறு. ஒண்ணு போனாலும் மத்தது நிக்கும். வெளக்கு கம்மியா இருந்தாலும் பொறுத்துக்கும், தண்ணி கொஞ்சம் கலீஜானாலும் பொறுத்துக்கும். மொத மொத வளக்கறவங்களுக்கு இதான் குடுப்பேன்."

"மெதுவா சாவும்?"

"ரொம்ப மெதுவா."

"குடு."

முனியம்மா வுடல. மீனுன்னா செவுள தொறந்து பாக்கணும், வயித்த அமுக்கிப் பாக்கணும். கைய தொட்டிக்குள்ள வுடப் போனா. பாய் பதறி கைய புடிச்சி நிறுத்தி, அவளுக்கு சொல்லிக் குடுத்தாரு. சதை காம்போட ஓரம் வரைக்கும் மூடியிருக்கணும். ஓரத்துல வெள்ளையா எலும்பு தெரிஞ்சா வாங்கக் கூடாது. வாயப் பொளந்துகினு இருந்தாலும் வாங்கக் கூடாது.

"மன்சனுக்கும் அதான் கணக்கு"ன்னா அவ.

அப்பவும் ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தாரு. இது நின்னா அடுத்தது பாக்கலாம்னாரு. தண்ணி பைய முனியம்மா மீன் கூடையில வச்சி தலையில சொமந்துகினு வந்தா. ஷேர் ஆட்டோ டிரைவரு கேட்டான், "இன்னா மீனுக்கா?" "கல்லு." "கல்ல எதுக்கு தண்ணில வச்சிகினு கீற?" "வெயிலுக்கு." அதுக்கு மேல அவன் கேக்கல.

பேஜாரு அந்தப் பைய தொட்டியில மெதக்க வுட்டு, தொட்டித் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா பைக்குள்ள ஊத்தி, ரெண்டையும் பழக்கி, அப்பால கீய வெளக்கு கம்மியா கீற எடமா பாத்து வச்சான். சாய்ங்காலமா அது ஒவ்வொரு தலையா உப்பிச்சி. பச்சன்னா அப்பிடி ஒரு பச்ச. "கஸ்தூரி, வந்துடுச்சி பாரு"ன்னான்.

அவ செவுத்தப் பாத்துகினே "ம்"னா.

அதுக்கு எறா வேற. பொடிப்பொடியா அரிஞ்சி ஒவ்வொரு வாயிலயும் ஊட்டுவான். மெதுவா முயுங்கும். ஊட்டிகினே பொஞ்சாதிக்கி சேதி சொல்லுவான். "இன்னிக்கி ஓரத்துல ஒண்ணு சுருங்கிச்சி கஸ்தூரி. நாளைக்கி தாண்டாது." மறுநா, "தாண்டிச்சி. ஆனா இன்னிக்கி வேற ஒண்ணு சரியில்ல." முன்னமாதிரின்னா அவ "மூடு வாய"ன்னு இருப்பா. அந்த ஒரு வார்த்தைக்காகவே சாவ கணக்கெடுத்து சொல்லிகினு இருந்தான்னு எனக்குத் தோணும். அவ பேசல, திரும்பல.

நான் ஒரு நாளு சொன்னேன், "கட்டில திருப்பிப் போடேன்டா. தொட்டி வலது பக்கம் வந்துடும். பாத்துட்டுப் போறா."

"கட்டில் திரும்பறதுக்கா மாமு இவ்ளோவும் பண்ணேன்?"ன்னான்.

சித்திர வெயிலு வந்திச்சி. ஒரு நாளு காலைல கரண்ட்டு போச்சி, வரவே இல்ல. மோட்டாரு நின்னுபோச்சி. தண்ணி சுத்தலன்னா அதுக்கு மூச்சு முட்டும். சூடும் ஏற ஆரம்பிச்சிது. பேஜாரு ஒரு சொம்பால மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்திகினு இருந்தான், படகுல தண்ணி எறைக்கிற மாதிரி. தலயெல்லாம் சுருங்கிப்போச்சி. பாய் கடையில பேட்டரியில ஓடுற காத்து மோட்டாரு கீதுன்னாங்க. முனியம்மா கூடையோட வந்தா. அவள கஸ்தூரியாண்ட குந்த வச்சிட்டு நானும் அவனும் ஓடுனோம்.

திரும்பி வந்தா தொட்டி மேல ஈரச் சாக்கு போத்தி கீது. தண்ணி வயிஞ்சி தரையெல்லாம் ஓடுது. முனியம்மா முந்தானையில கைய தொடச்சிகினு நிக்கிறா. "நல்ல வேள நான் இருந்தேன் மாமா. ஒன் கல்லு வாடிப்போயி கெடந்திச்சி. கெட்டுடப் போவுதேன்னு என் கூடையில இருந்த ஐசு மொத்தத்தையும் கொட்டிட்டேன். இனிமே சாய்ங்காலம் வரைக்கும் தாங்கும்."

அவள இன்னான்னு சொல்றது. காசிமேட்டுல கடல்லேர்ந்து எது வந்து வாடுனாலும் அதுதான் வைத்தியம். ஐசு, மேல சாக்கு. அவ அம்மா அப்பிடி செஞ்சா, அவளும் அப்பிடி செஞ்சா. ஐசு கரஞ்சா நல்ல தண்ணிதானே, உப்பெல்லாம் எறங்கிடுமே, இந்த வெயில்ல குளிரு அடிச்சா அது செத்துடுமேன்னு அவளுக்கு யாரு சொன்னாங்க?

நான் பேஜாரு மூஞ்சிய பாத்தேன். ஆயுசு பூரா இந்த நாளுக்குத்தான் காத்துகினு இருந்தான். "நாந்தான் சொன்னேனே"ன்னு சொல்லப் போறான்னு நெனச்சேன். அவன் சாக்க எடுத்து பிழிஞ்சி ஓரமா வச்சான். "பரவால்ல முனிமா"ன்னான். "நல்லதுக்குத்தானே செஞ்ச."

எனக்கு அப்பத்தான் பயம் வந்திச்சி. அவன் வாயிலேர்ந்து பரவால்லன்னு நான் கேட்டதே இல்ல.

ஐச அள்ளி வெளிய போட்டு, உப்பு கலந்து ஊத்தி, காத்து மோட்டாரு மாட்டி, அவனால ஆனது எல்லாம் பண்ணான். கரண்ட்டும் வந்திச்சி. ஆனா மறுநாள்லேர்ந்து ஒவ்வொரு தலையா கொழகொழன்னு ஆகி காம்ப வுட்டு கயண்டு வந்திச்சி. பாய் சொன்ன மாதிரியே, தல தலையா. கீய வெள்ள எலும்பு. முனியம்மா வாசல்ல குந்தி மூக்க சிந்திகினு இருந்தா, உள்ள வர மாட்டேன்னுட்டா. ஓரத்துல ஒரே ஒரு தல மட்டும் பட்டன் அளவுக்கு பச்சயா இருந்திச்சி. பேஜாரு எதையும் எடுக்கல, வெட்டல. தொட்டா அதுவும் பூடும்னு பயம். தொட்டி முன்னால கைய கட்டிகினு குந்தியிருந்தான். ரூமு பூரா கப்பு அடிச்சிது. நானே துண்டால மூக்க பொத்திகினுதான் நின்னேன்.

கட்டில் சத்தம் கேட்டிச்சி.

"யோவ்."

குளறலாத்தான் வந்திச்சி. ஆனா அந்தக் கொரலு. கஸ்தூரி மூக்க உறிஞ்சா. செவுத்தாண்ட இருந்த மூஞ்சி மேல் கூரைக்கி வந்திச்சி. அங்க நின்னு மறுபடி உறிஞ்சா. அப்பால மெதுவா, தலகாணி கசங்க கசங்க, எடது பக்கம் வந்திச்சி. கண்ணு அலஞ்சி அலஞ்சி தொட்டியில வந்து நின்னிச்சி. நல்லா கீற வலது கைய இந்தப் பக்கம் இஸ்து, வெரல நீட்டுனா.

"அயுவுனத எடுத்து வெளிய போடுயா. கூடவே வச்சிகினு இருந்தா... நல்லதும் கெட்டுடும்."

"எடுத்துடறேன்"னான் பேஜாரு.

"அந்த ஓரத்துல கீறத வுட்டுடு. அது நல்லாத்தான் கீது."

"வுட்டுடறேன்."

அவ கொஞ்ச நேரம் அதையே பாத்தா. அப்பால அவன பாத்தா. அவனும் எடது பக்கத்துலதான் குந்தியிருந்தான். எவ்ளோ மாசமா அவளுக்கு கண்ணுல படாத பக்கம். "எளச்சிப் போயிட்டியேயா"ன்னா.

அவன் எழுந்து, பக்கெட்ட எத்துகினு வெளிய கொயாயாண்ட போனான். அயுவுனத எடுக்கறதுக்கு பக்கெட்டு வேணும்தான். ஆனா அது ஏற்கெனவே கயுவி கவுத்து வச்ச பக்கெட்டு. அதுல தண்ணி புடிச்சி கயுவுனான், கொட்டுனான். மறுபடி புடிச்சி கயுவுனான். முதுகு ஆடிகினு இருந்திச்சி. முனியம்மா வாசல்லேர்ந்து எழுந்து உள்ள ஓடுனா.

நான் கொயாயாண்ட போயி நின்னேன். அவன் கையிலேர்ந்து அந்த பக்கெட்ட வாங்கி, நானும் ஒரு தபா கயுவுனேன்.